எட்டு வருடம் என்று நீ சொன்னாய்

அஜின் மக்களே,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் சொன்ன செய்தியைக் கேட்டு நான் என்னென்ன கூத்தடித்தேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். "துபாயில வேலை கிடைச்சாச்சும்மா. ஜப்பான விட்டுட்டு வந்துருதேன். என் விசாவுல உங்க ரெண்டு பேரையும் போட்டுக்கலாம். நீங்க அஜ்மான விட்டு எங்கயும் போக வேண்டாம்" என்று நீ சொல்லி முடிப்பதற்குள் நான் "மாதாவே!" என்று கத்திய கத்தில் உன் அப்பா சோப்பு நுரையோடு குளியலறையிலிருந்து ஓடி வந்தார். போனை வைத்த கையோடு மேல்மாடி மலையாளி சூசம்மாவிடம் போய்ச் சொன்னேன். கீழே இறங்கி நம் கட்டிடத்துக் காவல்காரர் பாயிடம் என் ஓட்டை இந்தியில் சொன்னேன். அவருக்கு எவ்வளவு புரிந்ததோ, "அச்சா, அச்சா, முபாரக்" என்று என்னைவிடப் பெரிதாகச் சிரித்தார். அன்றைக்கே அடைப் பாயசம் வைத்து நாலு வீட்டுக்குக் கொடுத்தேன். இத்தனையும் செய்த அதே வாயால்தான் இப்போது சொல்கிறேன், நீ வர வேண்டாம்.

பதறாதே. கோபமும் இல்லை, உடம்புக்கும் ஒன்றும் இல்லை. இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் நீ "அம்மா, ப்ளீஸ்" என்று ஒரு தடவை இழுத்தால் நான் கவிழ்ந்துவிடுவேன், அது உனக்கும் தெரியும். குரலைப் பதிந்து அனுப்பு என்றார் அப்பா. அதில் நான் அழுதுவிடுவேன், நீ டிக்கெட் போட்டுவிடுவாய். அதனால்தான் எழுதுகிறேன். துபாய் கம்பெனிக்கு அடுத்த வாரம் நீ பதில் சொல்ல வேண்டும் என்றாய். அதற்கு முன் இதை முழுக்கப் படித்துவிடு. வழக்கம்போல முதல் இரண்டு வரியைப் பார்த்துவிட்டு "ஓகேம்மா" என்று போடாதே.

நம் நிலைமை உனக்குத் தெரியாதது அல்ல. எனக்குக் கிளினிக்கில் டூட்டி எப்போதோ முடிந்துவிட்டது. அப்பாவின் கம்பெனியும் இந்தக் குளிர்காலம் தாண்டினால் போதும், நீங்கள் ஓய்வெடுங்கள் என்று சொல்லிவிட்டது. வேலை முடிந்தால் விசா முடிந்தது, விசா முடிந்தால் கல்ஃப் முடிந்தது. வந்திறங்கிய அன்றைக்கே தெரிந்த கணக்குதான் இது. ஆனாலும் முப்பது வருடத்துக்கு மேல் ஒரு இடத்தில் இருந்துவிட்டால், நமக்கு மட்டும் ஏதோ சலுகை கிடைக்கும் என்று மனசுக்குள் ஒரு மூலையில் நம்பிக்கொண்டுதான் இருக்கிறோம். அந்தச் சலுகையாக நீ வந்து நின்றாய். எனக்குத் தலைகால் புரியாமல் போனதில் என்ன தப்பு?

மனசு மாறியது மறுநாள். சூசம்மா பாயசப் பாத்திரத்தைத் திருப்பித் தர வந்தவள் சும்மா போகாமல், "மோன் இங்கோட்டு வந்தால் அவிடத்தெ வீடு?" என்று கேட்டாள். நான் பெருமையாக, "அங்க என்ன சேச்சி இருக்கு? வாடகை வீடு. எல்லாம் ரெண்டு பெட்டியில அடங்கிரும்" என்றேன். அப்படிச் சொல்லி வாயை மூடியதும் எனக்கு அந்த மரக்கன்று ஞாபகம் வந்தது. உன் வீட்டு வண்டி நிறுத்துமிடத்தின் ஓரத்தில், மூங்கில் குச்சியில் கட்டி வைத்திருக்கிறாயே, அந்த முழங்கால் உயரக் கன்று. அது எந்தப் பெட்டியில் அடங்கும்? சூசம்மா போன பிறகும் ரொம்ப நேரம் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.

போன வருடம் இதே சமயத்தில் நாங்கள் உன்னிடம் வந்திருந்தோம். உன் ஊரின் பெயர் இன்றுவரை என் வாயில் சரியாக நுழையவில்லை. புறப்படும்போது எல்லோரிடமும் "டோக்கியோவுக்குப் போறோம்" என்றுதான் சொன்னேன். நாகர்கோவிலில் யார் கேட்டாலும் நாம் "துபாய்" என்று சொல்வோமே, அதே கதைதான். அஜ்மான் என்று சொன்னால் அது எங்கே, அங்கே எண்ணெய் உண்டா, அந்த உயரமான கட்டிடம் தெரியுமா என்று ஆயிரம் கேள்வி வரும். விடியும் முன் பஸ் ஏறி, ஷார்ஜா நெரிசலில் அவிந்து, துபாயில் டூட்டி பார்த்து, இருட்டிய பிறகு திரும்பி வந்து படுப்பதற்குத்தான் அஜ்மான் என்று யாருக்கு விளக்குவது? வாடகை குறைவு, அதனால் இருந்தோம். உன்னுடையதும் அதே சாதி ஊர் என்று ரயிலில் வரும்போதே எனக்குத் தெரிந்துவிட்டது. டோக்கியோவின் உயரமெல்லாம் குறைந்து குறைந்து, வீடுகள் இரண்டு மாடி ஆகி, நடுவில் அறுத்த வயல் தெரிய ஆரம்பித்ததும், "ஏட்டி, அவன் அஜ்மானத்தான் தேடிப் பிடிச்சிருக்கான்" என்றார் அப்பா.

அந்த அட்டைப் பெட்டிக் கதையை நீ மறந்திருக்க மாட்டாய். நாற்பது வயது தாண்டிய எந்தக் கல்ஃப்காரனும் கையை வீசிக்கொண்டு விமானம் ஏற மாட்டான். அப்பா பெரிய அட்டைப் பெட்டி வாங்கி, நைலான் கயிறு போட்டு, குறுக்கும் நெடுக்கும் முடிச்சிட்டு, நாலு பக்கமும் கறுப்பு மார்க்கரில் உன் பெயரையும் நரிட்டா ஏர்போர்ட் என்றும் எழுதினார். உள்ளே புலிப் படம் போட்ட கம்பளி, பால்பவுடர் டின், பேரீச்சம்பழம், பிஸ்தா, கோடாலித் தைலம், சோப்பு, என் பங்குக்கு நெத்திலிக் கருவாடு, ஈரத்துணியில் சுற்றிய கறிவேப்பிலை. ஊருக்கு லீவில் போகும்போது கட்டுகிற அதே பெட்டி. வேறு மாதிரி கட்ட எங்களுக்குத் தெரியாது. விமான நிலையத்தில் ஒரு குட்டி நாய் வந்து அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் பரம சாதுவாக உட்கார்ந்துவிட்டது. அதிகாரிகள் குனிந்து குனிந்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என் கறிவேப்பிலையைப் பிடுங்கிக்கொண்டார்கள். கருவாட்டை மோந்து பார்த்துவிட்டு ஒருவரை ஒருவர் பார்த்து, அதை மட்டும் மரியாதையாகத் திருப்பிக் கொடுத்தார்கள். நீ வெளியே கண்ணாடிக்கு அந்தப் பக்கம் முகத்தைக் கையால் மூடிக்கொண்டு நின்றது எனக்குத் தெரியும்.

பெட்டியின் அடியில் அப்பா எனக்கே தெரியாமல் வைத்திருந்த சோறாக்கும் குக்கர் வெளியே வந்தபோது நீ சிரித்த சிரிப்பு இருக்கிறதே! "யப்பா, ஜப்பான் சாமான ஜப்பானுக்கே கொண்டு வந்தியளா?" என்றாய். "ஒரிஜினல் ஜப்பான்டே. அஜ்மான்ல தேடித் தேடி வாங்குனேன், கேட்டியா" என்று அவர் மார்தட்டினார். நீ அதைத் தலைகீழாகத் திருப்பி அடியில் படித்தாய். தாய்லாந்தில் செய்தது. போதாக்குறைக்கு மூன்று கால் பிளக். உங்கள் சுவரில் இரண்டு ஓட்டை. கரண்டும் நம் ஊர்க் கரண்டில் பாதிகூட இல்லை. முப்பது வருடம் ஏசி மெக்கானிக்காக இருந்த மனுஷன் வோல்டேஜை மறந்துவிட்டார்! அன்று இரவு அவர் சரியாகச் சாப்பிடவில்லை. மகன் வீட்டுக்கு ஒரு நல்ல பொருள் கொண்டு போக வேண்டும் என்று ஆசைப்பட்டார், அவ்வளவுதான்.

மறுநாள் உன் வீட்டுச் சொந்தக்காரர் ஓனோ சான் எங்களைப் பார்க்க வந்தார். அறுபத்தைந்து எழுபது வயது, ஒல்லியான ஆள், தலையில் தொப்பி. நீ குக்கர் கதையை அவரிடம் சொன்னாய். நான் மானம் போச்சு என்று உள்ளே ஓடினேன். அவரோ சிரிக்காமல் வீட்டுக்குப் போய், அரை மூட்டை சிமெண்ட் கனத்தில் ஒரு டிரான்ஸ்பார்மரைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்க வந்து நின்றார். கம்பெனி காலத்தில் வெளிநாட்டுச் சாமான் ஒன்றுக்காக வாங்கியதாம். அதையும் குக்கரையும் இணைக்க அப்பாவும் அவரும் தரையில் குப்புறப் படுத்து ஒரு மணி நேரம் போராடினார்கள். அவர் ஜப்பான் மொழியில் பேசுகிறார், அப்பா "பைய, பைய, ஆங், கலாஸ், முடிஞ்சு" என்கிறார். விளக்கு எரிந்ததும் இரண்டு பேரும் பிள்ளை பிறந்த மாதிரி கைகுலுக்கிக்கொண்டார்கள். அந்தக் குக்கரில் பொங்கிய சோற்றில்தான் நான் நெத்திலிக் குழம்பு ஊற்றிப் போட்டேன். ஓனோ சான் இரண்டாம் தடவையும் கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.

அதன் பிறகு அப்பாவை வீட்டில் பிடிக்க முடியவில்லை. காலையில் நீ கிளம்பினால் அவரும் உன்கூடவே ஸ்டேஷன் வரை நடப்பார். நீ ரயில் ஏறிப் போன பிறகும் அவர் அங்கேயே நின்றுகொண்டிருப்பார் என்பது உனக்குத் தெரியுமா? நான் ஒருநாள் தேடிக்கொண்டு போனேன். சைக்கிள் நிறுத்துமிடத்தில் ஆயிரக்கணக்கில் சைக்கிள், கறுப்புக் கோட்டுப் போட்ட ஆண்கள், பெண்கள், ஒரு சத்தம் இல்லை, எல்லோரும் விறுவிறுவென்று போய்க்கொண்டே இருக்கிறார்கள். அப்பா சுவரில் சாய்ந்து நின்று அவர்களை வேடிக்கை பார்க்கிறார். "பாத்தியாட்டி, எல்லாம் நம்ம ஆளுவ. டூட்டிக்குப் போறாவ" என்றார். ஒரு பையன் வாயில் ரொட்டியோடு படியில் ஓடினான். "யல்லா மக்கா, யல்லா!" என்று இவர் பஸ்ஸுக்கு ஆள் விரட்டுகிற மாதிரி கத்தினார். அவன் என்ன புரிந்துகொண்டானோ, ஓடிக்கொண்டே தலையைக் குனிந்து வணக்கம் சொல்லிவிட்டு ரயிலைப் பிடித்துவிட்டான். அன்று முழுக்க அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். அவரே பிடித்த ரயில் மாதிரி பேசிக்கொண்டிருந்தார்.

ஒரு சனிக்கிழமை ஓனோ சான் நம்மை ஆற்றங்கரைக்கு நடத்திக் கூட்டிப் போனார், நினைவிருக்கிறதா? வீடுகள் முடிந்ததும் முள்ளங்கியும் முட்டைக்கோசும் போட்ட சின்னச் சின்னத் தோட்டங்கள். ஆளே இல்லாத ஒரு தகரப் பந்தலில் காய்கறியும் ஒரு காசு டப்பாவும். அதற்கப்பால் உயரமான கரை, கீழே அகலமாக ஆறு, தூரத்தில் பனி மூடிய அந்தப் பெரிய மலை சின்னதாய். படங்களில் எத்தனையோ தடவை பார்த்த மலை. அப்பா அதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "கொள்ளாம். ஆனா நம்ம தாடகை மலை மாதிரி வராது" என்றார். நீ அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டாய். அங்கேதான் ஓனோ சான் தன் கதையைச் சொன்னார். தானும் வாழ்நாள் முழுக்க டோக்கியோவுக்கு ரயிலில் போய் வந்த ஆள்தானாம். இருட்டில் கிளம்பி இருட்டில் திரும்பினாராம். வேலையை விட்ட மறுவாரம் பொழுது போகாமல் நடக்கக் கிளம்பியபோதுதான் ஊருக்குள் இப்படி ஓர் ஆறு ஓடுவதையே சரியாகப் பார்த்தாராம். இப்போது எந்த வளைவில் எந்தக் கொக்கு நிற்கும் என்றுகூடச் சொல்கிறார். நீ அதை எங்களுக்குத் தமிழில் சொன்னாய். திரும்பும் வழியில், "ஏட்டி, அஜ்மான்ல கடல் இருக்கில்லா? நாம கடைசியா எப்பப் போனோம்?" என்று கேட்டார். எனக்கும் நினைவில்லை.

சாயங்காலம் ஆனதும் கம்பத்து ஒலிபெருக்கியில் திடீரென்று ஒரு பாட்டு வந்தது. எங்கோ தேவாலயத்தில் பூசை தொடங்குகிறது என்று நான் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டேன். "இல்லம்மா, பிள்ளைகள் எல்லாம் விளையாடுனது போதும், வீட்டுக்குப் போங்கன்னு ஊர்க்காரங்க போடுற பாட்டு. டெய்லி உண்டு" என்றாய். பார்த்தால் நிஜமாகவே மைதானத்தில் இருந்த பிள்ளைகள் பந்தைத் தூக்கிக்கொண்டு கலைகிறார்கள். அதில் இரண்டு வாண்டுகள் உன்னைப் பார்த்து என்னவோ சொல்லிக் கையாட்டின. நீ பதிலுக்கு என்னவோ சொல்ல, அவை விழுந்து விழுந்து சிரித்தன. அஜ்மானில் பதினெட்டு வயது வரை இருந்தாய். எதிர்வீட்டுக்காரர் பெயர் உனக்குத் தெரியாது. அங்கே ரொட்டிக் கடைப் பெண்ணிலிருந்து சைக்கிள் நிறுத்தும் தாத்தா வரை உன்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். ரொட்டிக் கடைப் பெண்ணைப் பற்றி நான் ஒன்றும் கேட்கவில்லை, நீயும் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் மூன்று பேருக்கு எதற்கடா அத்தனை ரொட்டி?

அன்றைக்குத்தான் வீடு வந்து சேர்ந்ததும் அந்தக் கன்றைக் காட்டினாய். வழியெல்லாம் இலை உதிர்ந்த மரங்களில் தக்காளி காய்த்துத் தொங்குகிறது என்று நான் வாயைப் பிளந்தேனே, அந்தக் காகிப் பழ மரத்தின் கன்று. ஓனோ சானிடம் கேட்டு, வண்டி நிறுத்துமிடத்து ஓரத்தில் மண்ணைக் கிளறி, அந்த வசந்தத்தில்தான் நட்டதாகச் சொன்னாய். நான் பழக்க தோஷத்தில், "எப்பம்டே பழம் வரும்?" என்றேன். நீ குனிந்து அதன் கட்டைச் சரி செய்துகொண்டே, "எட்டு வருசம் ஆகும்மா" என்றாய். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. நாளைக்கு ஆபீஸ் உண்டு என்று சொல்கிற மாதிரி சொன்னாய்.

அப்போது எனக்கு அது உறைக்கவில்லை. பாயசப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு வாசலில் நிற்கும்போதுதான் உறைத்தது. நம் குடும்பத்தில் இதுவரை யாரும் இருக்கிற இடத்தில் நின்று எட்டு வருடம் என்று சொன்னதே இல்லை மக்களே. நம் காலண்டர் விசாதான். இரண்டு வருடம், கொஞ்ச காலம் மூன்று வருடம். ரத்தம் கொடுத்து, நெஞ்சு எக்ஸ்ரே எடுத்து, மறுபடி அடித்து வந்தால் இன்னும் இரண்டு வருடம். சோபா வாங்கலாமா என்றால் அடுத்த விசா அடிக்கட்டும். திரைச்சீலை மாற்றலாமா, அடுத்த விசா அடிக்கட்டும். உனக்குப் படிக்க மேஜை வேண்டும் என்றாய், அடுத்த விசா அடிக்கட்டும் என்றோம். நீ இஸ்திரிப் பலகையை உன் உயரத்துக்கு இறக்கி வைத்து அதில் புத்தகத்தை விரித்தாய். பத்தாம் வகுப்பில் உயரம் ஏற்றினாய். நல்ல பாத்திரம், நல்ல விரிப்பு எல்லாம் கட்டிலுக்கு அடியில் அட்டைப் பெட்டியில் "ஊருக்கு" என்று கிடக்கும். நான் வளர்த்த கறிவேப்பிலைகூட எண்ணெய் டின்னில்தான் இருந்தது. யாருக்காவது தூக்கிக் கொடுத்துவிட்டுப் போக வசதியாக. இதில் அழுவதற்கு ஒன்றும் இல்லை. நாம் மட்டுமா, இங்கே எல்லோரும் அப்படித்தான், நன்றாகத்தான் இருந்தோம், சிரித்துக்கொண்டுதான் இருந்தோம். ஆனால் இஸ்திரிப் பலகையில் படித்த பிள்ளை ஒருவன் ஏதோ ஒரு ஊரில் மண்ணைத் தோண்டி எட்டு வருடத்துக்கு ஒரு மரத்தை வைக்கிறான் என்றால், அவனைப் போய் நான் எப்படிப் பிடுங்கிக்கொண்டு வருவேன்? அதுவும் எனக்காக, இன்னும் இரண்டு வருட விசாவுக்காக?

இதை அப்பாவிடம் சொல்லப் பயந்தேன். அவர் ஞாயிற்றுக்கிழமையிலிருந்தே பாயசமும் குடிக்காமல் உம்மென்று இருந்தார். சந்தோஷத்தில் பேச்சு வரவில்லை போலும் என்று நினைத்திருந்தேன். நான் தயங்கித் தயங்கிச் சொல்லி முடித்ததும், "சவத்த, இத நீ எப்பம் சொல்லுவேன்னு மூணு நாளா காத்துக்கிட்டு இருக்கேன்" என்றாரே பார்க்கலாம்! "நீ அந்தக் குதி குதிக்கும்போது நான் என்னத்தச் சொல்ல? அவன் ஸ்டேஷன்ல இருந்து வீட்டுக்கு வாறத நான் பாத்திருக்கேம்லா. நாம அஜ்மான்ல பஸ்ஸ விட்டு இறங்கி நடக்க மாதிரியா அவன் நடக்கான்? வீட்டுக்குப் போறவன் நடை அது." பிறகு ஃப்ரிட்ஜில் மிச்சமிருந்த பாயசத்தை எடுத்து நின்றபடியே குடித்தார். இனிப்பு போதாதாம்.

உண்மையைச் சொல்கிறேன், ஊருக்குத் திரும்ப எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது. நாகர்கோவில் ஃபிளாட்டில் வருடத்தில் ஒரு மாதம் விருந்தாளி மாதிரி இருந்துவிட்டு வந்த ஆட்கள் நாங்கள். கேஸ் சிலிண்டருக்கு எங்கே பதிவது, நல்ல டாக்டர் யார், எந்தப் பஸ் எங்கே போகும், ஒன்றும் தெரியாது. தெரிந்தவர்களில் பாதிப்பேர் வெவ்வேறு நாட்டில் இருக்கிறார்கள். நீ இல்லாமல் அந்த வீட்டில் கதவைத் திறந்து உள்ளே நுழைகிற முதல் நாளை நினைத்தால் உடனே எழுந்து போய் ஏதாவது பாத்திரத்தைக் கழுவுகிறேன். ஆனால் அப்பாவுக்கு ஓனோ சான் பைத்தியம் பிடித்திருக்கிறது. போனதும் ஒரு சைக்கிள் வாங்கப் போகிறாராம். தெருத் தெருவாகப் போய் ஊரைப் பார்க்கப் போகிறாராம். "அவனுக்குக் கொக்கு தெரியும்னா எனக்கு நம்ம ஊர்ல என்ன இருக்குன்னு தெரிய வேண்டாமா?" என்கிறார். அதற்கு ஒத்திகை இங்கேயே ஆரம்பித்துவிட்டோம். அப்பா டூட்டி முடிந்து வந்தால் முன்பு போல் செருப்பைக் கழற்றுவதில்லை, இரண்டு பேரும் நடக்கிறோம். கடற்கரைச் சாலை முழுக்கப் போய் வந்தோம். மீன் சந்தையில் சாயங்காலம் படகு வந்ததும் ஏலம் போடுகிறார்கள், எவ்வளவு அழகு தெரியுமா! கடற்கரைக்காரி நான், அஜ்மானில் இத்தனை வருடமும் ஃப்ரீசர் மீன் வாங்கித் தின்றிருக்கிறேன். இரண்டாம் நாளே அங்கே ஏலம் கூவுகிறவர் என்னைப் பார்த்ததும் "அம்மா, தாஜா, தாஜா" என்று புதுச் சாளை மீனைத் தூக்கிக் காட்டினார். இந்தச் சில மாதத்தில் அஜ்மானைக் கொஞ்சம் பார்த்துவிட்டுத்தான் போவோம்.

நீ உனக்காக வருவதாக இருந்தால் தாராளமாக வா. துபாய் வேலை பிடித்திருக்கிறது, ஜப்பான் போதும் போதும் என்றாகிவிட்டது என்றால் நான் இன்னொரு தடவை பாயசம் வைக்கிறேன், சூசம்மாவும் மறுபடி பாத்திரத்தைத் திருப்பித் தர வருவாள். எங்களுக்காக மட்டும் என்றால் வேண்டாம். பிள்ளையின் விசாவில் இருக்கிற அம்மாவாக நான் எப்படி இருப்பேன் என்று எனக்கே தெரியும். தினமும் உன் முகத்தைப் பார்ப்பேன், இவன் எதையோ விட்டுவிட்டு வந்தானே என்று தேடுவேன், உனக்கும் நிம்மதி இருக்காது. அதைவிட இரவு போனில் "என்ன தின்னே மக்களே" என்று கேட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறேன். தினமும் கடைசி ரயிலில் வராதே. வாரத்தில் ஒருநாளாவது பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பும் அந்தப் பாட்டு போடும் நேரத்துக்கு வீட்டில் இரு. ஓனோ சானுக்கு நெத்திலி அனுப்புகிறேன், அவரிடமே கொடு, நீயே தின்றுவிடாதே. ரொட்டியை அளவாக வாங்கு, அல்லது அந்தப் பெண்ணை ஒருநாள் வீட்டுக்குக் கூப்பிட்டு எங்களோடு வீடியோவில் பேச வை. இரண்டில் ஒன்று செய்.

கடைசியாக ஒரு வேலை சொல்கிறேன், இதைப் படித்துவிட்டு எழுந்ததும் செய். முதல் இரண்டு மூன்று குளிர்காலம் அந்தக் கன்றின் தண்டைச் சுற்றி வைக்கோல் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பட்டுப்போகும் என்று ஓனோ சான் சொன்னதாக நீதான் சொன்னாய். குளிர் வந்துவிட்டது. துபாய்க்குப் போகிற யோசனையில் இந்த வருடம் கட்டாமல் விட்டிருப்பாய், எனக்குத் தெரியும். கீழே இறங்கிப் போய்க் கட்டு. வைக்கோல் கிடைக்காவிட்டால் புலிக் கம்பளியைச் சுற்று என்கிறார் அப்பா. கட்டி முடித்ததும் ஒரு போட்டோ எடுத்து அனுப்பு. பதில் என்று வேறு ஒன்றும் எழுத வேண்டாம். அந்தப் போட்டோ வந்தால் போதும், நாங்கள் புரிந்துகொண்டு ஊருக்குப் பெட்டி கட்ட ஆரம்பிப்போம்.

பழம் வரும் வருடம் கட்டாயம் வருவோம். அதற்குள் எனக்குப் பல் எத்தனை மிச்சம் இருக்குமோ தெரியாது. அதனால் நன்றாகக் கனிந்ததாகப் பார்த்து ஒன்றைப் பறித்து வை.

அம்மா